பட்டியலின் பின்பக்கம்

“பட்டியல்ல இருக்கிறதை எல்லாம் எண்ணி ஒப்படைச்சிட்டுக் கிளம்புங்க!”

இதை மட்டும் வாயில் எடுக்காதே என்று வீடு முடித்துக் கொடுத்த புரோக்கர் அவளிடம் தலைபாடாக அடித்துக்கொண்டிருந்தார். காலி பண்ணச் சொல், வழக்குப் போடு, பூட்டை உடை, உன் இஷ்டம். எண்ணிக் கொடு என்று மட்டும் கேட்காதே.

கேட்டுவிட்டாள்.

அப்போது மணி மூன்று. ராத்திரி இல்லை... பட்டப்பகல் மூன்று. தெருவில் ஒரு நாய்கூட இல்லை. எல்லாக் கடையிலும் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது.

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். இது நம் ஆபீஸ் டைப்பிஸ்ட்டின் சித்தி மகளுக்கு நடந்தது. அந்தக் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள். வாயும் கொஞ்சம் நீளம். அம்மாவும் அவளும் குடியிருந்த ஒற்றை அறைக்குக் கீழே மரம் அறுக்கும் பட்டறை. அந்தத் தூளில் அம்மாவுக்கு மூச்சு இரைத்து இரைத்து, இன்னொரு மழைக்காலம் அங்கே தாங்காது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். அதற்காகவே வாங்கிய வீடு. மாடியில் மூன்று அறை, நல்ல காற்று.

ஆனால் உள்ளே ஏற்கெனவே ஒரு குடித்தனம். ஓய்வுபெற்ற கம்பவுண்டர், அவர் மனைவி. ஆறு மாதத்தில் மூன்று நோட்டீஸ். மூன்றையும் மரியாதையாக வாங்கிக்கொண்டார், நகரவில்லை. நேரில் போனால் வாசலிலேயே மறிப்பார்.

“பெரியவங்க யாரையாவது கூட்டிட்டு வா, பாப்பா.”

“பாப்பா இல்ல. ஓனர்.”

அன்று வீம்புக்கு அம்மாவையும் இரண்டு பெட்டியையும் ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கிவிட்டாள். அம்மா மாடிப்படியின் அடியில், பெட்டிமேல் உட்கார்ந்தாள். இவள் மேலே ஏறி, வாசலில் நின்று, அதைக் கேட்டாள்.

கம்பவுண்டர் வாசலை மறித்திருந்த கையை எடுத்தார். பிறகு...

“எண்ணி வாங்கிக்கிறியா? நீயேவா?” உள்ளே திரும்பினார். “ஏய்! கேட்டுட்டாங்கடி!”

மனைவி மூட்டைகளோடு வந்தாள். அன்றைக்குக் கட்டிய மூட்டைகள் இல்லை. முடிச்சுகளில் தூசி படிந்திருந்தது.

“பழைய ஓனரும் போ போன்னு விரட்டினவர்தான்,” என்றார் கம்பவுண்டர். “எண்ணி வாங்கிக்க மட்டும் வரல. வாங்கிக்க ஆள் இல்லாம நாங்க எப்படிப் போறது?”

கம்பவுண்டரிடம் இருந்த அசல் சாமான் பட்டியலை வைத்து எண்ணினார்கள். மின்விசிறி மூன்று. குழாய் நான்கு. ஜன்னல் கொக்கி பதினொன்று. வீடு முழுக்க ஈரச் சாக்கு நாற்றம். நடு அறைக் கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே நாடாக் கட்டில் ஒன்று... கிரீச். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு கிரீச். பூனையாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

கைநாட்டு வைக்கும் அம்மாவிடம், “படிச்சுக் காட்டச் சொல்லாம எதுலயும் வைக்காதே” என்று ஆயிரம் தடவை கத்தியவள் அவள். கீழே அம்மா இருமினாள். விடாமல் இருமினாள். இவள் தாளின் அடியில் ‘பெற்றுக்கொண்டேன்’ என்று எழுதி, கையெழுத்தைக் கிறுக்கினாள்.

கம்பவுண்டர் தாளைப் புரட்டினார்.

வீடு வாங்கும்போது அவளுக்குக் கொடுத்த நகலில் பின்பக்கம் கிடையாது. அசலில் இருந்தது. பழைய மசியில் ஒரே வரி.

நடு அறை: ஆள் ஒன்று.

“என்ன விளையாட்டு இது? யாரு?”

“யாருன்னு தெரியாது. நாங்க வரும்போதே இருந்துச்சு. நாங்க ரெண்டு பேரும் பின்பக்கத்தைப் படிக்காமத்தான் கையெழுத்துப் போட்டோம்.”

“வீட்டுல இருக்கிறது வீட்டோட இருக்கட்டும். எனக்கென்ன?”

“வீட்டோட இருக்காதும்மா. கையெழுத்துப் போட்டவங்களோட வரும்.” இப்போது பாப்பா என்று சொல்லவில்லை. “எதுவும் கேட்காது. ராத்திரி பக்கத்துல படுத்துக்கும். அவ்வளவுதான். கையெழுத்துப் போடாத இன்னொருத்தர் அதே வீட்டுல படுத்தா... அவங்களுக்குத்தான் மூச்சு முட்டும்.”

அவர் மனைவி அதற்குள் பாதிப் படி இறங்கியிருந்தாள். திரும்பியே பார்க்கவில்லை. தெருவில் அவள் சிரிப்பு கேட்டது, பள்ளிக்கூடம் விட்ட பிள்ளை மாதிரி.

இவள் நடு அறைக்குள் போனாள். கட்டில் காலி. ஆனால் நடுவில் நாடா தொய்ந்திருந்தது... பாரம் தாங்கிய தொய்வு. இவள் மூச்சு விட்டாள். இன்னொன்றும் விட்டது. இவள் நிறுத்தினாள். அது நிறுத்த ஒரு நொடி தாமதித்தது.

அவளுக்குப் பயத்தைவிடக் கோபம்தான் முந்திக்கொண்டு வந்தது. இத்தனை பேர் எண்ணாமல் தள்ளிவிட்டதெல்லாம் கடைசியில் தன் தலையில்தானா? நின்று யோசித்தாள். அதிக நேரம் இல்லை. நடு அறை ஜன்னலைத் திறந்துவிட்டாள். கட்டிலை மடித்து எடுத்துப் பின்கட்டில் போட்டாள்.

பிறகு அம்மாவை மெதுவாக மேலே ஏற்றி, முன்னறையில் காற்று வரும் பக்கமாக உட்காரவைத்தாள்.

“மூச்சு எப்படிம்மா இருக்கு?”

“நல்லா இருக்குடி. நீ எங்க படுத்துக்குவே?”

“நான் இங்க இல்லம்மா. ஆபீஸ் பக்கத்துல தனியா ஒரு ரூம் பார்த்துக்கிறேன். பகல்ல வந்து பார்த்துட்டுப் போறேன்.”

“என்னடி உளர்றே? ஆறு மாசமா உசிரை விட்டது எதுக்கு?”

“நீ இருக்கிறதுக்குத்தான்.”

தன் பெட்டியை எடுத்துக்கொண்டாள். வாசற்கதவை அகலமாகத் திறந்து, ஓரமாக ஒதுங்கி நின்றாள். நடு அறையைப் பார்த்து, “ம்... வா,” என்றாள்.

“யாரைடி கூப்பிடுறே?”

பதில் சொல்லாமல் இறங்கினாள். அம்மா காதைத் தீட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள். மகளின் செருப்புச் சத்தம் படிப்படியாக இறங்கித் தெருவுக்குப் போய்விட்டது.

அதற்கப்புறம்தான்... வெறுங்காலோடு, அவசரமே இல்லாமல், இன்னொன்று இறங்க ஆரம்பித்தது.