கல்லாவுக்கு மேல ஒட்டுற போட்டோ

பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகிற பஸ். எனக்கு முன் சீட்டில் இரண்டு பேர். ஒருவர் மிக்சி, கிரைண்டரைத் தவணைக்குக் கொடுக்கிற கடைக்காரர் என்பது பேச்சிலேயே தெரிந்தது. மற்றவர் சட்டைப் பையிலிருந்து ஒரு பாஸ்போர்ட் சைஸ் போட்டோவை எடுத்து நீட்டினார்.

"இவன் வந்தா எதையும் குடுத்துடாதீங்க. கல்லாவுக்கு மேல ஒட்டி வெச்சுக்குங்க."

எட்டிப் பார்த்தேன். போட்டோவில் இருந்ததும் அவரேதான்.

"மனசு தாறுமாறா ஏறி எறங்குற வியாதின்னு டாக்டர் சொல்லிட்டாருங்க. ஏறிட்டா இவனுக்குத் தூக்கமே கெடையாது, கண்டதையும் வாங்குவான். போன தடவ ஒரே நாள்ல ஆறு மிக்சி. அந்த மாதிரி வாங்கி வாங்கியே வயல் போச்சு. அரைக்காணிதான் மிச்சம்."

"மாத்திரை சாப்புடுறீங்கல்ல?"

"நான் சாப்புடுறேன். அவன்தான் சாப்புட மாட்டான்."

கடைக்காரர் போட்டோவுக்குக் கை நீட்டவில்லை.

"போன வருஷமும் இதே மாதிரி போட்டோ குடுத்தீங்க சார். நானும் ஒட்டித்தான் வெச்சிருந்தேன்."

"அப்புறம் ஏன் அவனுக்கு மிக்சியக் குடுத்தீங்க?"

"நீங்க வந்து அதப் பாத்துட்டு விழுந்து விழுந்து சிரிச்சீங்க. 'இவனுக்குத்தான் சீக்கு, இவன் பேச்சக் கேக்காதீங்க'ன்னு சொல்லி, நீங்களே பிச்சுப் போட்டீங்க."