லூக்கா திருநாளில் பிறந்த நாய்

1255 ஜூன் 7, திங்கட்கிழமை, காலை ஒன்பது மணி.
அரச வன நீதிமன்றம். சாட்சி எண் 4.

என் பெயர் ஆஸ்பர்ட், தந்தை பெயர் வுல்ஃப்ரிக், வயது அறுபத்தெட்டு, ஹேசல்ஹோ அரச வனத்துக்குள் அடங்கிய தோர்ன்கோட் கிராமத்தில் வசிக்கிறேன். வால்டெஃப் என் மகள் ஆல்டித்தின் கணவர்.

1251 பிப்ரவரி 3, வெள்ளிக்கிழமை காலை, என் வயலோர வேலியருகே பெண் மான் ஒன்று பனியில் செத்துக் கிடக்கக் கண்டேன். அம்புக் காயம் இல்லை. பின்னங்காலில் மட்டும் ஏதோ கடித்த தடம் இருந்தது. உடன் வந்த வால்டெஃப், "மாமா, நாம பாக்கலன்னு போயிடுவோம். சாயங்காலத்துக்குள்ள பனி மூடிடும்" என்றார். மன்னரின் மான் செத்துக் கிடப்பதைக் கண்டவர் மறைப்பது குற்றம் என்று கூறி, நான் வனக்காவலர் ஃபுல்க்கிடம் அறிவித்தேன்.

அதன்பின் வழக்கப்படி சுற்றியுள்ள நான்கு கிராமத்தாரும் அழைக்கப்பட்டு, மானின் வயிறு அவர்கள் முன் கீறப்பட்டபோது, உள்ளே மரப்பட்டை தவிர வேறெதுவும் இல்லை. பசியால் செத்தது என்றே எல்லோரும் கூறினர். அதன்பின் இறைச்சி தொழுநோயாளர் இல்லத்துக்கு அனுப்பப்பட்டது.

அதன்பின் ஃபுல்க் எங்கள் ஊர் நாய்களைப் பார்த்தார். வனத்துக்குள் வளரும் பெரிய நாய்கள் மானைத் துரத்தாதிருக்க, மூன்றாண்டுக்கு ஒருமுறை நடக்கும் பார்வையிடலில் அவற்றின் முன்பாதத்தில் மூன்று நகங்கள் வெட்டப்பட வேண்டும். வால்டெஃபின் நாய்க்கு நகங்கள் முழுதாக இருந்தன. 1249 ஜூன் பார்வையிடலுக்குப் பிறகே அது பிறந்தது என்று அவர் கூறினார். ஃபுல்க் என் பக்கம் திரும்பி, "பெரியவரே, நாள் கிழமை நீங்க தப்பாச் சொல்ல மாட்டீங்க. இது எப்பப் பொறந்துச்சு?" என்று கேட்டார். 1248 அக்டோபர் 18, ஞாயிறு, லூக்கா திருநாள் என்றேன். ஏன் கேட்கிறார் என்று நான் யோசிக்கவில்லை.

அதன்பின், 1249 பார்வையிடலில் நாயை ஒளித்தவரே அதை மான்மேல் ஏவியவர் என்று முடிவுசெய்து, நீதிபதிகள் வரும்வரை கோட்டைச் சிறையில் வைப்பதற்காக வால்டெஃபின் கைகளைக் கட்டினார்கள். புறப்படும்போது அவர், "மாமா, நான் எந்தக் கிழமை திரும்பி வருவேன்னும் பாத்துச் சொல்லிடுங்க" என்றார். கூடியிருந்தவர்களில் சிலர் சிரித்தனர். என் மகள், "சரியாத்தான் சொன்னீங்கப்பா" என்றாள். அதன்பின் அவள் என்னிடம் பேசியதில்லை.

நீதிபதிகள் வருவதற்கு நான்கு ஆண்டு, நான்கு மாதம், நான்கு நாள் ஆயின. இன்று நான்கு கிராமத்தாரும் வால்டெஃப் குற்றமற்றவர் என்றனர். விடுதலை என்று எழுதப்பட்டது. அதன்பின் அவர் பெயர் மூன்று முறை அழைக்கப்பட்டது. அவர் சிறையிலேயே இறந்துவிட்டார் என்று நான் எழுந்து கூறினேன். பதிவுக்காக இறந்த நாளைக் கேட்டார்கள். இரண்டாம் குளிர்காலம் என்கிறார் ஒரு சிறைக்காவலர். மூன்றாவது என்கிறார் மற்றவர். பலமுறை கோட்டைக்கு நடந்து சென்று விசாரித்தேன், எவரும் குறித்துவைக்கவில்லை. அந்த நாள் எனக்குத் தெரியாது.

இவ்வளவும் எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. திருத்த ஒன்றுமில்லை, யாவும் உண்மை.

(ஒப்பம்) ஆஸ்பர்ட்

இணைப்பு:
1. நான்கு கிராமத்தார் 1251 பிப்ரவரி 3 அன்று அளித்த கூற்றின் நகல்.
2. சிறைக்காவலர் திருப்பித் தந்த, வால்டெஃபின் தோல் தொப்பி ஒன்று. என் மகள் இதை வாங்க மறுத்துவிட்டாள்.