இருநூற்றுப் பதினாலாவது போன்

— சிரிக்காதீங்க அண்ணி. நான் தேர்தல் அதிகாரியா விசாரணைக்கு வந்திருக்கேன்.

— தலையில வெல்டிங் முகமூடியோடவா?

— கழட்ட நேரமில்ல. சங்கச் செயலாளர் உள்ள குதிச்சிட்டிருக்கார். விழுந்தது மொத்தமே ஒரு ஓட்டு. அதுவும் அவருக்கு இல்ல, கிரேன் ஓட்டுற பொண்ணுக்கு.

— அப்ப ஜெயிச்சது அவதானே? ஒண்ணு பெரிசா, சைபர் பெரிசா?

— அண்ணி...

— குறைஞ்சது இத்தனை ஓட்டு விழணும்னு இருந்த விதியைப் போன தடவை தூக்கினது யாரு?

— அவரேதான்.

— பேப்பர் வேணாம், பெட்டி வேணாம், இனிமே உள்ளங்கையிலயே ஓட்டுன்னு மேடையில முழங்கினது?

— அவரேதான். சரி, கேள்வி கேக்க வேண்டியது நான்.

— கேளுங்க கொழுந்தனாரே. பேக்டரி கேட்ல உக்காந்திருக்கிறவளுக்கும் பொழுது போகணுமே.

— காலையில எட்டுலேர்ந்து சாயங்காலம் நாலு வரைக்கும் ஆன்லைன்ல ஓட்டு. அந்த நேரத்துல எங்க போனெல்லாம்...

— இதோ, என் அலமாரியில. கேட்டைத் தாண்டி போன் கொண்டு போகக் கூடாது. இத்தனை வருஷமா இங்க வேலை பாக்குறவருக்கு அது ஞாபகம் வரல பாருங்க.

— லீவுல ஒருத்தர்கூடவா இல்ல?

— தேர்தல் அன்னைக்கு யாரும் லீவு போடக் கூடாதுன்னு நோட்டீஸ் ஒட்டினவர்...

— தெரியும், தெரியும். அவரேதான்.

— எட்டு மணிக்கு எல்லாப் போனும் ஒரே நேரத்துல உதறுச்சு. அலமாரிக்கே குளிர் ஜுரம் வந்த மாதிரி. செயலாளரோடது உதறி உதறிக் கீழயே விழுந்துடுச்சு. பாவம்னு எடுத்து வச்சேன்.

— வேற எந்தப் போனையாவது நீங்க...

— தொட்டேனாவா? எல்லாம் அவங்கவங்க விரலுக்குத்தான் திறக்கும். என் விரலுக்குத் திறக்க நான் என்ன இருநூறு பேருக்குப் பொண்டாட்டியா?

— விளையாடாதீங்க. உங்க வேலைக்கே உலை வச்சிடுவார். நீங்க கான்ட்ராக்ட் ஆளு. சங்கத்துல உறுப்பினர்கூட இல்ல.

— அதனாலதான் எனக்கு ஓட்டும் இல்ல. இருந்தா யாருக்குப் போட்டிருப்பேன்னு தெரியாதா?

— தெரியும். தான் வந்தா அண்ணன் கேஸை மறுபடி விசாரிக்க வைக்கிறேன்னு அந்தப் பொண்ணு சொல்லியிருக்கா.

— பளு தூக்குற சங்கிலி அறுந்து தலையில விழுந்துச்சு. உங்க அண்ணன் கவனக்குறைவுன்னு எழுதினாங்க. சங்கம் சார்பா அதுல கையெழுத்துப் போட்டுட்டு, அதே பேனாவைச் சட்டைப் பையில சொருகிட்டு வந்து எனக்கு ஆறுதல் சொன்னார் செயலாளர்.

— அதை இப்ப எதுக்கு அண்ணி...

— சரி, மூஞ்சியைத் தொங்கப் போடாதீங்க. விசாரணையை நடத்துங்க.

— அலமாரியில எத்தனை போன் இருந்துச்சு?

— இருநூத்திப் பதிமூணு. ரெஜிஸ்டர்ல இருக்கு.

— உறுப்பினர் பட்டியல்ல இருநூத்திப் பதினாலு பேர்.

— ஓ.

— ஒரு போன் வெளியில இருந்திருக்கு.

— இருந்திருக்கும்.

— அண்ணி... உங்க பையில ஏதோ உதறுது.

— அஞ்சு மணி அலாரம். ஷிப்ட் முடிஞ்சதும் எனக்குப் போன் பண்ணணும்னு உங்க அண்ணன் வச்சது. நிறுத்தத் தெரியல.

— தெரியலையா?

— தெரியலைன்னே வச்சுக்கங்களேன்.

— அப்ப காலையில எட்டு மணிக்கு இந்தப் போனும்...

— உதறுச்சு. போய்ச் சேர்ந்து பதினாலு மாசம் ஆன மனுஷனை, 'அன்புத் தோழரே, மறவாமல் வாக்களிப்பீர்'னு கூப்பிட்டா நான் என்ன பண்றது? உயிரோட இருந்தவரைக்கும் ஒரு ஓட்டையும் விட்டவர் இல்ல.

— அது செல்லாது அண்ணி.

— எழுதிக்கங்க. வேலை போனா போகுது. ஆனா ஒண்ணு மட்டும் எனக்குப் புரியல. பட்டியலைச் செயலாளர் சரிபார்த்திருப்பாரே, இவர் பேரு எப்படித் தப்பிச்சுது?

— அவர் எங்க பார்த்தார்? செத்தவங்க பேரை அடின்னு என்கிட்டத் தள்ளிட்டார். மூணு பேரை அடிச்சேன். அண்ணன் பேர்கிட்ட வந்தப்ப... பேனா எழுதலைன்னு அடுத்த பக்கத்துக்குப் போயிட்டேன். இன்னைக்கு விசாரணைக்கும் அதே பேனாவைத்தான் கொண்டு வந்திருக்கேன்.