மச்சானுக்கு வந்த சேவல்

காரில் ஒட்டின தாரை எடுக்கச் சமையல் எண்ணெய்தான் சரி ஐயா. மண்ணெண்ணெய் போட்டால் பெயின்ட்டையும் சேர்த்துத் தின்றுவிடும். எண்ணெயில் நனைத்த துணியைத் தார்ப் பொட்டின் மேல் ஒற்றிவிட்டு, ஒரு வாழைப்பழம் தின்னும் நேரம் சும்மா இருக்க வேண்டும். அப்புறம் துடைத்தால் அதுவே இளகி வழுக்கிக்கொண்டு வரும். அதைப் பார்த்தால் எனக்கு இன்னமும் சிரிப்பு வந்துவிடும். கடைசியில் சோப்புத் தண்ணீர். அவ்வளவுதான் வேலை.

மசாக்கா சாலையில், மேட்டு உச்சியில் கார் கழுவுகிறேன். பேர் லாசரோ. எங்கள் வீடு மேட்டுக்கு அந்தப் பக்கம், இறக்கத்தின் அடியில், சதுப்பு ஓரமாக. வீட்டில் நானும் தங்கை பெனடிக்டாவும் மட்டும். அவள் வாழைக்காயை இலையில் பொதிந்து அவிக்கிற மட்டோகேயைத் தின்றவன் வேறு வீட்டில் கை நனைக்க மாட்டான். நான் நனைத்ததில்லை.

அவளைக் கேட்டு முதலில் முபிரு என்று ஒருவன் வந்தான். அவன் காரில் மண்ணெண்ணெயைப் பூசி வெயிலில் நிறுத்திவிட்டேன். பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பியது. அம்மை போட்ட கார் மாதிரி இருந்தது. சண்டை போட்டான், சம்பந்தம் முறிந்தது. யாருக்கும் அடி இல்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அடுத்து கவூக்கி. நல்ல பையன், வாத்தியார். நம் வழக்கம் உங்களுக்கும் தெரியும், இருந்தாலும் சொல்கிறேன். பெண் கேட்டு வருகிறவன் பெண்ணின் அண்ணனுக்கு ஒரு சேவல் கொண்டுவர வேண்டும். அண்ணன் அதை வாங்கித் தின்றால் பெண்ணைக் கொடுத்ததாகக் கணக்கு. அதுவரை மாப்பிள்ளையும் அண்ணனும் முன்பின் தெரியாதவர்கள் மாதிரி நடந்துகொள்ள வேண்டும். அன்றைக்கு அண்ணன் எது சொன்னாலும் மாப்பிள்ளை மறுக்கக் கூடாது.

சடங்கன்று காலையில், சொந்தக்காரர்களின் வண்டிகளை முன்னால் அனுப்பிவிட்டு, கவூக்கி என்னிடம் வந்தான். வெள்ளை அங்கி, வெள்ளைக் கார். புதிதாகத் தார் போடுகிற இடத்தைக் கடந்து வந்ததால் கார் முழுக்கக் கரும்புள்ளி.

"ஐயா யாரோ, நான் உங்களைப் பாத்ததே இல்ல," என்று கண்ணடித்தான்.

"நானும்தான். காரா இது, கினிக்கோழியா?"

"அதான் பயம். உங்க ஆளுங்க வாசல்லயே நிக்க வெச்சு, 'பொண்ணு கேக்க வந்தியா, ரோடு போட வந்தியா'ன்னு மானத்த வாங்கிருவாங்க."

பின்சீட்டில் கொக்கரிப்பு. "அது யாருடா?"

"எனக்கு முன்னாடி உங்க வீட்டுல நுழையப்போற மாப்ள!"

வயிறு வலிக்கச் சிரித்தோம். சிரித்துக்கொண்டேதான் துடைத்தேன். பொட்டு ஒன்று பாக்கி இல்லை. சக்கரங்களுக்கு மட்டும் கொஞ்சம் கூடுதல் நேரம் ஆனது.

கிளம்பியவன் இரண்டடி நகர்ந்து நிறுத்தினான். "பிரேக்கு வழுக்குற மாதிரி இருக்கே மச்சான்?"

"ஈரம்டா. போகப் போகக் காஞ்சிரும். சும்மா சும்மா மிதிச்சுப் பாக்காத."

"நீங்க சொன்னா சரி. இன்னிக்கு உங்களுக்கு மறுபேச்சு உண்டா?"

சக்கரத்துக்குள் இரும்புத் தட்டு இருக்கும், பிரேக் அதில்தான் பிடிக்கும். அதில் எண்ணெய் படக் கூடாது. இந்தத் தொழிலில் முதலில் சொல்லிக்கொடுப்பதே அதுதான். நான் நான்கிலும் தடவினேன், இரண்டு பக்கமும். சோப்புத் தண்ணீர் காட்டவில்லை.

இறக்கத்தில் நிற்காமல் போய்ச் சதுப்புக் கோரைக்குள் பாயும்போதும் கார் கண்ணாடி மாதிரி மின்னியது ஐயா. என் கை அப்படி. கவூக்கியை வெளியே எடுத்தபோது மூச்சு இல்லை. சேவல் மட்டும் கார் கூரையில் நின்று சேற்றை உதறியது. யாரோ அதை என் கையில் கொடுத்து, "உங்க பேருக்கு வந்தது," என்றார்கள்.

மறுநாள் குழம்பு வைக்கச் சொன்னேன். வீணாகக் கூடாது இல்லையா?

"மனசாரத்தான் வாங்கிக்கிட்டியாண்ணே?" என்றாள் பெனடிக்டா.

"சேவல எவன் வேணாம்பான்?"

சமைத்தாள், பரிமாறினாள். நான் ஒரு காலைத் தின்று முடித்து நிமிர்ந்தால், பாயைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறாள்.

"தின்னுட்டல்ல? அப்ப என்னைக் குடுத்தாச்சு. நான் கவூக்கி பொஞ்சாதி. எம் புருஷன் எழவுக்கு நான்தான் போயி உக்காரணும்." வாசலில் திரும்பினாள். "அந்தச் சக்கரத்த நானும் தொட்டுப் பாத்தேண்ணே. போற வழியில ஸ்டேஷன்ல சொல்லிட்டுப் போறேன்."

அப்படித்தான் நீங்கள் வந்தீர்கள். எல்லாம் நான் அவள் நல்லதுக்குச் செய்தது ஐயா. புகுந்த வீட்டில் கஷ்டப்படுவாள்.

ஒரே ஒரு சந்தேகம். நான் தின்றது ஒரு கால்தான். மீதி சட்டியில் அப்படியே இருக்கிறது. அதைக் கவூக்கி வீட்டாரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டால், அவள் ராத்திரிச் சமையலுக்குள் வந்துவிடுவாள் இல்லையா?