இருவாச்சி போகாத அக்கரை

மேடையில் வீற்றிருக்கும் பெரியோர்களே, அம்மாவின் மாணவ மாணவியரே, நாற்காலி கிடைக்காமல் சுவரோடு சாய்ந்து நிற்கும் என் சக ஊழியர்களே, அனைவருக்கும் வணக்கம்.

பத்தாம் வகுப்பில் நான் பாஸா ஃபெயிலா என்பது என் வீட்டில் இன்றும் விவாதத்துக்குரிய விஷயம். மறைந்த அம்மாவின் படத்திறப்பில், இந்தக் காட்டு ஆராய்ச்சி நிலையத்தின் ஓட்டுநரான என்னைப் பேசச் சொல்லிவிட்டீர்கள். அம்மாவிடம் ஆராய்ச்சி செய்த என் மகள் முன்வரிசையில் இருக்கிறாள். "அப்பா, தயவுசெஞ்சு ஜோக்கடிக்காதீங்க. அழுகை வந்தா அழுதுட்டு இறங்கிடுங்க" என்று சொல்லித்தான் மேடையேற்றினாள். முயற்சி செய்கிறேன்.

உலகம் அவரைப் பேராசிரியர் என்றது. நாம் எச்சக்காரம்மா என்றோம். கோபித்தாரா? சிரித்தார்! வௌவால் எச்சமோ மரநாய் எச்சமோ, எதைக் கண்டாலும் வண்டியை நிறுத்தச் சொல்வார். கழுவி, விதையைப் பிரித்து, தட்டில் முளைக்கப் போடுவார். முளைத்தால்தான் நம்புவார். அதன் பிறகே நம் நிலையத்தின் நீளச் சுவரில் ஒரு நூல் கட்டுவார். ஒரு பக்க ஆணிகள் மரங்கள். எதிர்ப்பக்க ஆணிகள் பறவைகள், விலங்குகள். எந்த மரத்தின் விதையை எந்த உயிர் சுமக்கிறது என்று அந்த நூல்கள் சொல்லும். மாலை வெயில் பட்டால் சுவரே லேசாக மூச்சு விடும்.

ஒருமுறை கொட்டகைக்குப் பின்னால் ஆரஞ்சுக் கன்றுகள் முளைத்திருந்தன. காட்டில் ஏது ஆரஞ்சு? எந்தப் பிராணியின் வேலை என்று அம்மா ஒளிந்திருந்து பார்த்தார். சாப்பிட்டுவிட்டு அங்கே கொட்டை துப்பிக்கொண்டிருந்த பிராணி நான்! குரங்குக்கும் மரநாய்க்கும் நடுவே எனக்கும் ஓர் ஆணி அடித்துவிட்டார். என் மனைவி வந்து பார்த்து, "சரியான இடத்துலதான் வச்சிருக்காங்க" என்றாள்.

அந்த நூல்களைப் பார்த்துப் பார்த்து என் கண்ணே மாறிப்போனது. ஒரு பறவை கிளையை விட்டுக் கிளம்பினால் அதன் பின்னால் ஒரு நூல் ஓடுகிறது. காடெங்கும் நூல்கள் மிதக்க, நடுவே எங்கள் வண்டி தூக்கத்தில் நடப்பதுபோல் போகும்.

"இதுல ஒண்ணு அறுந்தா என்னம்மா ஆகும்?"

"சின்னப் பழம்னா கவலையில்லண்ணே. குருவி இல்லாட்டி வௌவால் தூக்கிட்டுப் போகும். அந்தப் பெரிய கொட்டை மரம் இருக்கு பாருங்க, அத முழுங்குற வாய் இருவாச்சிப் பறவைக்கு மட்டுந்தான்."

ஆற்றுக்கு அக்கரையில் மின்கம்பி போட மரங்களை வெட்டிய பிறகு இருவாச்சி அந்தப் பக்கம் போவதில்லை. அம்மா என்ன செய்தார்? பறவையின் வேலையைத் தாமே எடுத்துக்கொண்டார்! பருவந்தோறும் கொட்டைகளைக் கூடையில் சுமந்து, படகில் கடந்து, முட்டிவலியோடு குனிந்து ஊன்றினார். பனிமூட்டத்தில் கரை இரண்டும் மறைந்திருக்கும். கூடையை மடியில் வைத்துக் கண் மூடியிருப்பார். தூங்குகிறாரோ என்று குனிந்தால், "பேசாதீங்கண்ணே, பறந்துக்கிட்டிருக்கேன்" என்பார்.

"இதெல்லாம் காய்ச்சு இருவாச்சி திரும்பி வர எவ்வளவு காலம்மா ஆகும்?"

"நாம ரெண்டு பேரும் பாக்க மாட்டோம். படகைத் தள்ளுங்க."

பெரியோர்களே! இந்தப் பருவத்துப் பழம் இப்போது விழுந்துகொண்டிருக்கிறது. தாய்மரத்தின் காலடியிலேயே கிடந்தால் பூச்சியும் பூஞ்சையும் தின்றுவிடும். அக்கரைக்கு யார் கொண்டுபோவார்? பறவை போகாது. அம்மா இல்லை. இத்தனை வருடம் அவர் ஊன்றியது, பாதியில் நின்ற வரிசையாகவே போய்விடுமா?

போகாது! அம்மாவின் பேரால் சொல்கிறேன், போக விடமாட்டோம். காலையில் நானும் என் மகளும் பொறுக்கிய கொட்டைகள் வெளியே வண்டியில் இருக்கின்றன. படத்திறப்பு முடிந்ததும் நேராகப் படகுத்துறைக்குப் போகிறோம். அடுத்த பருவமும் போவோம். என்னால் தள்ள முடியாத வருடத்தில் அவள் தள்ளுவாள்.

வண்டியில் ஆறு பேருக்கு இடம் உண்டு. நெருக்கி உட்கார்ந்தால் எட்டு. வெளிச்சம் இருக்கும்போதே ஆற்றைக் கடக்க வேண்டும். அதனால் இறங்குகிறேன்.