குச்சி வந்தால் அசையாதீர்கள்

பெரிய ஆற்றுக்குப் புதிதாக மீன் பிடிக்க வருகிற எல்லாரும் ஒரு தப்பு செய்வார்கள். தூரமாக வீசினால்தான் பெரிய மீன் விழும் என்று நினைத்துக்கொள்வார்கள். ஆற்றின் அகலத்தைப் பார்த்ததும் மனுஷனுக்கு ஒரு வேகம் வந்துவிடுகிறது. மீனோ காலடியில், பாறைக்குப் பின்னால், ஓடுகிற தண்ணீரும் ஓடாத தண்ணீரும் உரசிக்கொள்கிற இடத்தில் சுகமாக நின்றுகொண்டிருக்கும். அத்தானும் முதல் நாள் தூரமாகத்தான் வீசினார். தூண்டில் முள் அவருடைய தொப்பியிலேயே மாட்டிக்கொண்டது. எனக்குக்கூடச் சிரிப்பு வந்துவிட்டது.

நீங்கள் கேட்டதால் ஆரம்பத்திலிருந்தே சொல்கிறேன், ஐயா. நான் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவன். எதையும் அவசரப்பட்டுச் செய்து பழக்கமில்லை.

எங்கள் வீடு என்றால் அக்காவும் நானும்தான். அப்பா அம்மா போனபோது நான் அரை டிராயர் போட்டுக்கொண்டு திரிந்தவன். அக்கா பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சராகச் சேர்ந்து என்னை ஆளாக்கினாள். வந்த வரன்களை எல்லாம் என்னைக் காரணம் காட்டித் தட்டிக் கழித்தாள். நான் கடையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே உள்ளேயிருந்து குரல் வரும், "சாப்டியாடா?" என்று. சோறு போடுகிறவளே அவள்தான். வேறு எங்கே நான் சாப்பிட்டுவிட்டு வரப்போகிறேன்? ஆனாலும் கேட்பாள். காய்ச்சலில் படுத்திருந்தாலும் கேட்பாள். எனக்குத் தலை நரைத்த பிறகும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற வருஷம் அவள் கல்யாணம் செய்துகொண்டாள். மாப்பிள்ளை அதே பள்ளிக்கூடத்து டிராயிங் மாஸ்டர். சாட்சிக் கையெழுத்து நான்தான் போட்டேன். அத்தானைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. தன் தட்டைத் தானே கழுவுவார். வாய் ஓயாமல் பேசுவார், ஆனால் ஒருவரைப் பற்றியும் தப்பாகப் பேசமாட்டார். ஒரு சாயங்காலம் நான் வந்து செருப்பைக் கழற்றினேன். குரல் வரவில்லை. சமையலறையில் இரண்டு பேரும் எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார்கள். பிறகு அக்கா கேட்டாள், "சாப்டீங்களா?" என்று. அவரிடம்.

அதற்காக நான் ஒன்றும் சொல்லவில்லை. அவர்கள் வீட்டைக் காலி செய்துகொண்டு அவருடைய ஊருக்கே போகப் போகிறோம் என்றபோதும் சொல்லவில்லை. என்னையும் கூப்பிட்டார்கள், அதை மறைக்க விரும்பவில்லை.

"மாடில ஒரு ரூம் உங்களுக்குன்னே வச்சிருக்கேன் மச்சான். ஜன்னலத் தொறந்தா மரம்தான்" என்றார்.

நல்ல மனுஷன். ஆனால் என் வீட்டுக்கு வந்தவர் அவர். அங்கே போனால் வந்தவன் நான் ஆகிவிடுவேன். அவர்களுடைய சிரிப்புக்கு மேலே, மாடியில், மரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசித்தேன்.

ஊருக்குப் போவதற்கு முன்னால் மீன் பிடிக்கக் கற்றுக்கொடுங்கள் என்று அவராகத்தான் வந்து கேட்டார். "ஆத்தங்கரையில மட்டும்தான் நீங்க சிரிப்பீங்கன்னு ஒங்க அக்கா சொல்றா. அத நானும் ஒரு தடவ பாக்கணும் மச்சான்."

நெஞ்சில் கைவைத்துச் சொல்கிறேன், ஒழுங்காகத்தான் கற்றுக்கொடுத்தேன். முதலில் மெல்லிய தூண்டில் நரம்பு, சின்ன முள், கொஞ்சமாக ஈயம். மண்புழுவை உருண்டையாகச் சுருட்டிக் கோக்கக் கூடாது, வால் நெளிய வேண்டும். தண்ணீரில் நடக்கும்போது காலைத் தூக்கி வைக்காமல் தரையோடு தேய்த்து நடக்க வேண்டும். தக்கை ஆடியதும் இழுக்கக் கூடாது, அமுங்கட்டும். எல்லாம் உண்மை. அவரும் நல்ல பிள்ளையாகக் கேட்டுக்கொண்டார்.

நாங்கள் பிடிக்கும் இடம் அணைக்குக் கீழே இருக்கிறது. கரைக்கும் நடு ஆற்றுக்கும் இடையில் ஒரு மணல் திட்டு. முழங்கால் தண்ணீரில் நடந்து அதற்குப் போய்விடலாம். அணையில் ஷட்டரைத் திறந்தால் வெள்ளம் உடனே வந்துவிடாது. அதற்கு முன்னால் குச்சி வரும். மேலே கரையோரம் கிடக்கும் சுள்ளி, சருகு, நுரை, எல்லாவற்றையும் ஏறுகிற தண்ணீர் வாரிக்கொண்டு வரும். குச்சியைப் பார்த்துவிட்டால் இந்தக் கரைக்காரன் எவனும் தூண்டிலைக்கூடத் திரும்பிப் பார்க்காமல் ஓடிவிடுவான். எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவள் அக்கா. சின்ன வயதில் ஒரு தடவை நான் குச்சியைப் பிடித்து விளையாடிக்கொண்டு நின்றபோது தலைமுடியைப் பிடித்துக் கரைக்கு இழுத்து வந்து முதுகில் நாலு வைத்தாள். அப்புறம் வழக்கம்போலச் சாப்பிட்டாயா என்று கேட்டாள்.

அத்தானிடம் நான் இப்படிச் சொன்னேன்: "குச்சி வர ஆரம்பிச்சா மீன் எழும்பப் போகுதுன்னு அர்த்தம் அத்தான். அப்ப அசையவே கூடாது. நிழல் ஆடுனாக்கூடப் போயிரும்."

இதிலும் பொய் இல்லை. தண்ணீர் ஏறத் தொடங்கும்போது மீன் இரைக்கு வெளியே வரும், நன்றாகக் கடிக்கும். யாரை வேண்டுமானாலும் கேட்டுப்பாருங்கள். மீதியைத்தான் நான் சொல்லவில்லை.

அணை திறப்பது எனக்குத் தெரியுமா என்று கேட்கிறீர்கள். மேலே விடாத மழை. அணை ததும்பி நிற்கிறது என்று கடைக்கு வந்தவர்கள் எல்லாரும் பேசிக்கொண்டார்கள். எனக்கும் காது இருக்கிறது. அன்று கடைக்கு லீவு சொல்லிவிட்டேன். கிளம்பும்போது அக்காதான் வாசல்வரை வந்தாள். "தண்ணியப் பாத்துக்கடா" என்றாள். "நான் இருக்கேன்லக்கா" என்றேன். அவள் நிம்மதியாக உள்ளே போனாள்.

திட்டின் கடைசி முனையில், நடு ஆற்றைப் பார்த்து அவரை நிற்க வைத்தேன். அணையில் சைரன் ஊதியபோது நான் அவருக்காகப் புழு கோத்துக்கொண்டிருந்தேன்.

"ஆலைச் சங்கா மச்சான்?" என்றார்.

ஆலை என்று நான் சொல்லவில்லை. அவராகத்தான் சொன்னார். நான் தலையை ஆட்டினேன். பிறகு, கூடையைக் கரையில் வைத்துவிட்டேன், எடுத்துவருகிறேன் என்று சொல்லித் திரும்பி நடந்தேன். அப்போது தண்ணீர் முழங்காலுக்கு மேலே கொஞ்சம் இருந்தது.

கரை ஏறி நின்று பார்த்தேன். அவர் என் பக்கம் திரும்பினார். முகமெல்லாம் சிரிப்பு.

"மச்சான், குச்சி வருது!" என்று கத்தினார். உடனே, மீன் மிரண்டுவிடுமே என்று வாயைப் பொத்திக்கொண்டார்.

அசையாதீர்கள் என்று கையைக் காட்டினேன். நின்றார். டிராயிங் மாஸ்டர் அல்லவா, ஒவ்வொரு குச்சியாக ரசித்துப் பார்த்துக்கொண்டே நின்றார். அவருக்குப் பின்னால், நான் கடந்து வந்த தண்ணீர் நிறம் மாறி, அகலமாகிக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து அவருடைய தக்கை அமுங்கியது. நான் சொல்லிக்கொடுத்த மாதிரியே பொறுத்திருந்து இழுத்தார். நல்ல மீன். புதிதாகப் பிடிக்கிறவருக்கு அது பெரிய மீன்தான். இரண்டு கையாலும் தூக்கி எனக்குக் காட்டினார். நான் சொன்னது பொய்யில்லை என்பதற்கு அந்த மீனைவிட என்ன சாட்சி வேண்டும்?

அப்புறம்தான் குனிந்து காலைப் பார்த்தார். திட்டு அங்கே இல்லை. அவர் அலறவில்லை, காப்பாற்றுங்கள் என்றும் கேட்கவில்லை. "மச்சான், இப்ப என்ன செய்யணும்?" என்று கேட்டார். பாடம் கேட்கிற அதே குரலில். மீனை அவர் கடைசிவரை விடவில்லை.

ஊருக்குக் கட்டிய பெட்டிகளை அக்கா பிரித்துவிட்டாள். எனக்கு அது போதுமாக இருந்தது. வேளாவேளைக்குத் தட்டு வைத்தாள். சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்கவில்லை. துக்கம் ஆறட்டும், தானாகக் கேட்பாள் என்று காத்திருந்தேன்.

நேற்று முடிவெட்டுகிறவர் துக்கம் விசாரிக்க வந்தார். "கடைசியா எங்கிட்டதான் முடி வெட்டிக்கிட்டாரும்மா. குச்சி வந்தா அசையக் கூடாதுன்னு மச்சான் சொல்லிக்குடுத்திருக்காருன்னு அப்படிப் பெருமையாச் சொன்னாரு" என்றார். அக்கா அவரை வாசல்வரை அனுப்பிவிட்டு என் முன்னால் வந்து நின்றாள்.

"குச்சியப் பத்தி ஒனக்கு யாருடா சொல்லிக்குடுத்தது?"

"நீதான்க்கா" என்றேன். அவளிடம் நான் எப்போதும் பொய் சொன்னதில்லை.

அழவில்லை, அடிக்கவில்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு உங்களிடம் வந்துவிட்டாள்.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. அத்தானைக் கொன்றது நான்தான். தெரிந்துதான் செய்தேன். ஒரு வீடு சிதறிப் போகாமல் இருக்க யாராவது ஒருவர் ஏதாவது செய்துதானே ஆக வேண்டும்? அக்காவுக்கு இப்போது புரியாது. கொஞ்ச நாள் போகட்டும்.

அவள் வெளியே பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறாள் என்று சொன்னீர்கள். நேற்றிலிருந்து என் வயிற்றில் ஒன்றும் இல்லை, அது அவளுக்குத் தெரியும். நான் சாப்பிட்டேனா என்று கேட்டாளா?