ஏழாம் எண் வில்லை

இந்த அறையின் சுவரில் ஈரம் ஏறியிருக்கிறது, ஐயா. அந்த அலமாரியை ஒரு சாண் தள்ளிப் போடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த மழைக்குள் கோப்புகளில் பூசணம் பிடித்துவிடும். தொழில் புத்தி, எங்கே போனாலும் என் கண் முதலில் சுவரைத்தான் பார்க்கும்.

அருங்காட்சியகத்தில் எனக்கு இருபத்தாறு வருட வேலை. பானை, துணி எல்லாம் மற்றவர்கள் பார்த்தார்கள். மனித உடல்கள் என் பொறுப்பு. அதிலும் முக்கியமாகப் பெரியம்மா. மூவாயிரம் வருடத்துக்கு முன் இறந்த ஒரு பெண்ணுக்கு ஊழியர்கள் வைத்த பெயர் அது. முழங்காலை மடக்கி, வலது கையைக் கன்னத்துக்குக் கொடுத்து, மரப்பெட்டியில் ஒருக்களித்துப் படுத்திருப்பாள். கண்ணாடிக் கூண்டுக்குள் ஈரப்பதம் நாற்பதில் நிற்க வேண்டும். முள் நாற்பத்திரண்டைத் தொட்டால் எனக்குச் சோறு இறங்காது. "என்னம்மா, பெரியம்மாவுக்கு இன்னைக்கு ஜுரமா?" என்று காவலாளி கிண்டல் செய்வார். மாலையில் கூண்டின் மேல் வெள்ளைத் துணியைப் போர்த்திவிட்டுத்தான் கிளம்புவேன். நாள் முழுக்க யார் யாரோ உற்றுப் பார்த்த முகம், அதற்கும் ஓய்வு வேண்டும் அல்லவா?

தம்பியை அங்கே வேலைக்குச் சேர்த்துவிட்டதும் நான்தான். கெட்டிக்காரன். பத்தே வருடத்தில் எனக்கே மேலதிகாரி ஆகிவிட்டான். பெரியம்மா கிடைத்த மலைப்பகுதி மக்கள் அவளைத் திருப்பிக் கேட்டு எழுதினார்கள். அவள் இருந்த குகை இப்போது இல்லை, அதனால் மண்ணில் புதைப்பதாக இருந்தார்கள். தம்பி உடனே சம்மதித்துவிட்டான்.

"அவங்க யாரோ ஒருத்தரோட அம்மா, அக்கா. நிம்மதியாத் தூங்கினவங்கள எடுத்துட்டு வந்து நாமதானே வேடிக்கை காட்டினோம்?"

"மண்ணுல வெச்சா ரெண்டு மழைக்குத் தாங்க மாட்டாடா."

"தாங்க வேணாமே. அதுக்குத்தானே புதைக்கிறது."

சொல்லிவிட்டுச் சிரித்தான். மறைப்பானேன், அந்தச் சிரிப்பை என்னால் மன்னிக்க முடியவில்லை.

பெட்டியில் வண்டுத் துளை இருக்கிறது, பூச்சி நீக்கும் அறையில் வைத்துத்தான் அனுப்ப வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். அது ஓர் இரும்பு அறை. உள்ளிருக்கும் பிராணவாயுவை வெளியேற்றி நைட்ரஜனை நிரப்புவோம். இருபத்தொரு நாள் திறக்கக் கூடாது. வண்டு, புழு, முட்டை எதுவும் மிஞ்சாது. பொருளில் ஒரு கீறல்கூட விழாது. துளை நிஜமா என்று கேட்டீர்கள். நிஜம்தான். ஆனால் பழைய துளை.

அந்த அறைக்கு ஒரு முறை உண்டு. உள்ளே போகிறவர் தன் எண் போட்ட பித்தளை வில்லையைக் கதவுக்கு வெளியே கொக்கியில் மாட்ட வேண்டும். கதவைச் சாத்துகிறவர் கொக்கியைப் பார்க்க வேண்டும். வில்லை இல்லை என்றால் உள்ளே ஆள் இல்லை. உள்பக்கக் கைப்பிடி ஆறு மாதமாகப் பழுது. நானே இரண்டு முறை எழுதிக் கொடுத்திருக்கிறேன். பாருங்கள், கோப்பில் இருக்கும்.

வெள்ளிக்கிழமை மதியம் பெட்டியை உள்ளே வைத்துவிட்டு எல்லோரும் சாப்பிடப் போனார்கள். கொக்கி காலியாக இருந்தது, கதவைச் சாத்தினேன் என்று அன்றைக்குச் சொன்னேன். அது பொய்யில்லை. சாத்தும்போது காலியாகத்தான் இருந்தது.

நைட்ரஜனைத் திறந்துவிட்ட பிறகு தட்டும் சத்தம் கேட்டது. நாலைந்து தடவை இருக்கும். பாதியில் திறந்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

பிறகு இரண்டு வாரம் தம்பி மனைவியோடு நானும் தேடினேன். காணவில்லை என்ற புகாரை எழுதியது என் கைதான்.

"நீங்க இல்லன்னா நான் என்ன பண்ணுவேன், அண்ணி?" என்று மடியில் விழுந்து அழுதாள்.

"அடுத்த வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறும்மா," என்றேன்.

அதை அவள் ஸ்டேஷனுக்கு வந்து உங்களிடம் சொன்னாளாமே. துக்கத்திலும் காது கூர்மை.

ஏழாம் எண் வில்லையை அவன் மாட்டினான், ஐயா. உள்ளே போய்ப் பெட்டியில் அனுப்பும் சீட்டைக் கட்டிக்கொண்டிருந்தான். சின்ன வயதிலிருந்தே சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை. நான்தான் அதைக் கழற்றிக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு கதவைச் சாத்தினேன்.

கதவைத் திறந்தபோது நீங்கள் எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டது எனக்கு வருத்தம்தான். அவன் கெட்டுப்போகவில்லை. பெரியம்மாவின் பெட்டியை ஒட்டி ஒருக்களித்துப் படுத்திருந்தான், ஒரு பூச்சி அண்டவில்லை. திங்கட்கிழமை அவளை அனுப்புகிறார்களாம். சரி, இனி அது என் கையில் இல்லை. தம்பியையும் மண்ணில் வைக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். அவன் என் பொறுப்பு, அவசரப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள். இப்போது அவனை வைத்திருக்கும் அறையில் ஈரப்பதம் எவ்வளவு என்று மட்டும் கேட்டுச் சொல்வீர்களா?